ஜோர்டன் பள்ளி அணியிலிருந்து துரத்தப்பட்டாரா?

"கூடைப்பந்து ஆடத் தெரியாது என்று மைக்கேல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்தே நீக்கினார்கள்." தேர்வுக் காலம் வந்தால், உலகப் புகழ்பெற்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜோர்டனைப் பற்றிய இந்த வரி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. நடந்தது இதுவல்ல.

அமெரிக்காவின் வட கரோலினாவில், வில்மிங்டன் நகரில் 1976-இல் தொடங்கப்பட்ட அரசுப் பள்ளி லேனி உயர்நிலைப்பள்ளி. 1978-இல் ஜோர்டன் அங்கே பத்தாம் வகுப்பு மாணவர். உயரம் சுமார் 5 அடி 10 அங்குலம். அந்த வயதில் பெரும்பாலான மாணவர்கள் இளையோர் அணியில்தான் ஆடுவார்கள். அவரையும் அதில்தான் சேர்த்தார்கள். முதன்மை அணியில் அவர் ஆடும் இடத்துக்கு மூத்த வீரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அணிக்குக் குறைவாக இருந்தது உயரம். அதனால் அதே வகுப்பிலிருந்து ஆறரை அடிக்கு மேல் வளர்ந்திருந்த லீராய் ஸ்மித்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெயர்ப் பட்டியலில் தன் பெயர் இல்லாததைக் கண்டு ஜோர்டன் வீட்டில் அழுதது உண்மை. ஆனால் ஆடுகளத்தை விட்டு யாரும் அவரை வெளியேற்றவில்லை. இளையோர் அணியில் ஓர் ஆட்டத்தில் 40 புள்ளிகள் வரை குவித்தவர், மறு ஆண்டே முதன்மை அணியில் இருந்தார்.

இந்தப் பொய்யில் எனக்கு அதிகம் வலிப்பது லேனி முதன்மை அணியின் பயிற்சியாளர் கிளிஃப்டன் ஹெரிங்குக்கு நேர்ந்த அநீதி. பள்ளி தொடங்கும் முன்பே, விடியற்காலையில் ஜோர்டனை அழைத்துச் சென்று பயிற்சி அளித்தவர் அவர். திறமையை அடையாளம் காணத் தெரியாதவர் என்று அவரை இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறார்கள்.

லேனி பள்ளியின் விளையாட்டரங்கம் இன்று ஜோர்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.