எலெனாவின் திமிர் எங்கே போனது?

போன வாரம் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். ‘தி வேம்பயர் டைரீஸ்’ என்ற ரத்தக்காட்டேரித் தொடரின் எட்டு சீசனையும், மொத்தம் 171 எபிசோடு, விடுதியில் இருந்தபடியே போனில் பார்த்து முடித்தவள். என் அலமாரியில் அதன் மூல நாவலைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். முதல் இரண்டு நாவல்களையும் ஒன்றாகக் கட்டிய புத்தகம். மறுநாள் மத்தியானம் சாப்பிட இறங்கி வந்தபோது முகம் சரியில்லை.

“அத்தை, இந்த எலெனாவுக்கு என்ன இவ்வளவு திமிரு? டிவில வர்றவதான் நல்ல பிள்ள.”

அந்த ‘நல்ல பிள்ள’ இன்னும் என் காதில் கிடக்கிறது. அதற்குத்தான் இந்தப் பதிவு. கதையின் முடிச்சுகளையெல்லாம் அவிழ்க்கப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பிறகு வந்து படியுங்கள்.

எல்.ஜே. ஸ்மித் முதல் மூன்று நாவல்களை 1991-லும் நான்காவதை 1992-லும் வெளியிட்டார். கெவின் வில்லியம்சனும் ஜூலி பிளெக்கும் உருவாக்கிய தொடர் 2009 செப்டம்பரில் தொடங்கி 2017 மார்ச்சில் முடிந்தது. நடுவில் ஏகப்பட்டது மாறிவிட்டது. ஊர் பெயர் ஃபெல்ஸ் சர்ச் என்பது மிஸ்டிக் ஃபால்ஸ் ஆனது. எலெனாவின் நான்கு வயதுத் தங்கை மார்கரெட் போய், தம்பி ஜெரமி வந்தான். பொன்னிறக் கூந்தல் கறுப்பானது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்துப் பழங்காலப் பிரபு வீட்டுப் பிள்ளைகளான ஸ்டெஃபனும் டேமனும் (எலெனாவைக் காதலிக்கும் ரத்தக்காட்டேரி அண்ணன் தம்பிகள்), 1864-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த சமயத்து உள்ளூர்க்காரர்கள் ஆனார்கள்.

இதில் எதிலும் எனக்கு வருத்தமில்லை. நெல்லைப் பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கதை மாறுவது புதிதா என்ன? சுடலைமாடன் கதையை ஒரு ஊரில் பாடுகிற மாதிரி அடுத்த ஊரில் பாடமாட்டார்கள். அந்தந்த ஊர்க் காடும் குளமும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்லப்போனால் அந்த 1864 மாற்றம் நாவலைவிட எனக்குப் பிடித்தது. ஊரை ஸ்தாபித்த குடும்பங்களே ரத்தக்காட்டேரிகளைப் பிடித்துத் தேவாலயத்தில் அடைத்து எரித்தார்கள் என்று கதை வந்ததும், பேய் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. நம் பக்கத்துப் பேய்களும் அப்படித்தானே? யார் செத்தது, யார் கொன்றது, எந்த மரத்தடியில் என்று ஊருக்கே தெரியும்.

ஆனால் எலெனாவை மாற்றியதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாவலில் அவள் பள்ளிக்கூடத்தின் ராணி. அழகி என்று அவளுக்கே தெரியும். புதிதாக வந்த பையன் ஸ்டெஃபன் தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது அவளுக்குப் பெரிய அவமானம். தோழிகள் பானியையும் மெரிடித்தையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ரத்தம் சிந்திச் சத்தியம் வாங்குகிறாள். அவன் தனக்கு ஆகிறவரை ஓயமாட்டேன் என்று தானும் சத்தியம் செய்கிறாள். பதினேழு வயதுப் பெண் தனக்கு வேண்டியதை இத்தனை வெளிப்படையாகக் கேட்பதை அதற்குமுன் நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. முதல் தடவை படித்தபோது எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் புரிந்தது. வாத்தியார் ஒருவர் கொலையாகி, ஊரே ஸ்டெஃபன் மேல் பழிபோட்டபோது, அவனுக்காகத் தனியாக நின்றது அதே திமிர்தான். கடைசியில் மூன்றாவது நாவலில் தானும் எரிந்துபோவோம் என்று தெரிந்தே, தன் முகச்சாயல் கொண்ட பழைய ரத்தக்காட்டேரி கேத்தரினை வெயிலுக்குள் தள்ளுகிறாளே, அதுவும் அதே பிடிவாதம்தான். கல்லறைத் தோட்டத்தில் தனக்காகச் சத்தியம் செய்தவள் அந்த இடத்துக்கு வந்து சேர்வதுதான் எனக்கு அந்த மூன்று புத்தகங்களும்.

தொடரின் எலெனா முதல் நாளே நல்லவள். பெற்றவர்களைப் பறிகொடுத்த துக்கத்தில் கல்லறை ஓரம் டைரி எழுதுகிறாள். ஸ்டெஃபன்தான் அவளைத் தேடி வருகிறான். மூன்றாவது சீசன் முடிவில் விக்கரி பாலத்திலிருந்து வண்டி ஆற்றுக்குள் விழும்போது, முதலில் நண்பன் மேட்டைக் காப்பாற்று என்று ஸ்டெஃபனுக்குக் கை காட்டுகிறாள். அழகான காட்சி, ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். ஆனால் முதல் எபிசோடில் பார்த்த எலெனாவும் இதையேதான் செய்திருப்பாள்.

அதற்கப்புறம் நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. நாவலில் செத்து, ரத்தக்காட்டேரியாக எழுந்த எலெனா ஸ்டெஃபனையே மறந்து டேமன் பக்கம் நின்று பல்லைக் காட்டுவாள். யாரும் அவளை அப்படிச் செய்ய வைக்கவில்லை. தொடரிலோ டேமனிடம் அவள் சாய்ந்தால், ரத்தம் கொடுத்தவனுக்குக் கட்டுப்படும் பந்தம் என்று ஒரு காரணம். வாயாடினால், ஊரைப் பகைத்தால், மனிதத்தன்மையை அணைத்துவிட்டாள், சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று இன்னொரு காரணம். அந்த சுவிட்ச் நாவலில் கிடையவே கிடையாது. ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு நடந்தால் அதை ஒரு கோளாறாகத்தான் காட்ட முடிந்திருக்கிறது.

மிச்சத் திமிரையெல்லாம் மூட்டை கட்டிக் கேத்தரினுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாவலில் கேத்தரின் முதலில் வருவது நோஞ்சானாக, குழந்தைத்தனமான பெண்ணாக. தொடரில் ஆசை, தந்திரம், கர்வம் எல்லாம் அவளுக்கு. இரண்டு பேரையும் நடித்தது நினா டோப்ரெவ், அதுவும் எப்பேர்ப்பட்ட நடிப்பு! முடி நேராக இருந்தால் எலெனா, சுருண்டிருந்தால் கேத்தரின் என்று நாம் பழகிக்கொண்டோம். புத்தகத்தில் ஒரே தலைக்குள் இருந்தவளை நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

நம் பக்கத்து இசக்கியம்மன் சிலையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையில் பிள்ளையை அணைத்திருப்பாள். வாயில் இன்னொரு பிள்ளை. சின்ன வயதில் அம்மாச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து பார்ப்பேன். அந்த வாயைப் பார்த்தபடியேதான் பிள்ளை வரம் கேட்டு அவளுக்குத் தொட்டில் கட்டுகிறார்கள். அணைக்கிற இசக்கி தனி, கடிக்கிற இசக்கி தனி என்று யாரும் இரண்டு பீடம் போடவில்லை.

எலெனாவின் பள்ளித்தோழி கேரலைன் விஷயத்தில் தொடர்தான் ஜெயித்தது. நாவலில் எலெனாவின் டைரியைத் திருடி ஊர் நடுவே படிக்கக் காத்திருக்கும் பொறாமைக்காரி அவள், அவ்வளவுதான். தொடரில் அவள் வளர்ந்த மாதிரி வேறு யாரும் வளரவில்லை.

ஸ்மித் பற்றியும் ஒரு வார்த்தை. கூலிக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எழுதியதால் கதையின் உரிமை அவரிடம் இல்லை. 2011-ல் உரிமை வைத்திருந்தவர்கள் அவரை விலக்கிவிட்டு வேறு ஆட்களை வைத்துத் தொடர்ந்தார்கள். 2014-ல் அமேசான் ரசிகர் கதைகளுக்காக வைத்திருந்த இடத்தில், ரசிகர்களோடு ரசிகராகத் தன் கதையை எழுதினார். தான் பெற்ற பிள்ளைகளை இரவல் வாங்கிக் கொஞ்சுகிற மாதிரி. 2025 மார்ச்சில் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

அண்ணன் மகள் ஊருக்குக் கிளம்பும்போது அடுத்த புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டாள். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

“அத்தை, அவளுக்கு நடக்குற அஞ்சலிக்கு அவளே ஒளிஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருக்கா.”

“இப்பமும் திமிருன்னுதான் தோணுதாட்டி?”

“எதுவும் சொல்லாதிய அத்தை, இன்னும் நிறைய பக்கம் கிடக்கு” என்று வைத்துவிட்டாள்.