சீனிக்காரருக்கென்று தனிப் பானை வேண்டாம்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பானைகள். பெரிய பானையில் எங்களுக்கு வெள்ளைச் சம்பா. சின்னப் பானையில் அம்மாவுக்குத் தவிடு போகாத சிவப்பரிசி. இரவில் எங்களுக்குக் கோதுமை மாப் புட்டு, அம்மாவுக்குக் குரக்கன் புட்டு. நாங்கள் சீனி போட்டுப் பால் தேத்தண்ணி குடிப்போம், அவர் வெறுந்தேத்தண்ணியோடு ஒரு ஓரமாக இருப்பார். அவருக்கென்று தனியாகச் சமைப்பதைப் பெரிய கவனிப்பு என்று நினைத்திருந்தேன். ஏழு வருடம் அப்படியே போனது.

போன வருடம் வேறு ஒரு காரணத்துக்காக இரத்தம் சோதித்தபோது எனக்கு வெறுவயிற்றுச் சீனி 112 என்று வந்தது. வயது 43. 100க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 126ஐத் தொட்டு, மறுபடி சோதித்தும் அப்படியே இருந்தால் சீனி வருத்தம். நான் நடுவில் நிற்கிறேன். தாதி இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளந்து 93 சென்ரிமீட்டர் என்று எழுதினார். எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு அது 80க்குள் இருக்க வேண்டுமாம், ஆண்களுக்கு 90க்குள். நான் என்னை ஒருநாளும் பருமனான ஆளாக நினைத்ததில்லை. சேலை கட்டினால் வயிறு வெளியில் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது, அதுதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஆசிய மக்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் BMI) 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2004இலேயே சொல்லிவிட்டார்கள்.

இனி என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். தாதி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தவிட்டரிசி, அளவாக. கீரை, மீன், பருப்பு. சீனி இல்லாத தேத்தண்ணி. எல்லாம் அம்மாவின் சின்னப் பானையில் ஏழு வருடமாக இருந்தவை. பக்கத்து அடுப்பில் என் கையாலேயே சமைத்தவை.

பத்தியம் என்ற சொல்லில்தான் பிழை தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறேன். பத்தியம் என்றால் வருத்தக்காரருக்கு உரியது, சுகமானதும் விட்டுவிடுவது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், செங்கமாரி வந்தவருக்குப் பத்தியம். ஆனால் சீனி வருத்தக்காரருக்குக் கொடுக்கும் சாப்பாட்டில் பத்தியம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அது மனிதர் எல்லோரும் சாப்பிட வேண்டிய சாப்பாடு. அதை ஒருவருக்கு மட்டும் ஒதுக்கி வைத்து, மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கிறோம்.

அந்த ஒருவரையும் அது குணப்படுத்துவதில்லை. ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழும்பினேன். குசினியில் வெளிச்சம் போடாமல் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் பேரன் பாதி சாப்பிட்டு வைத்த பற்றிஸ். என்னைக் கண்டதும் மறைத்தார். 71 வயதில், தான் கட்டிய வீட்டில், தன் குசினியில். அடுத்த நாள் கிளினிக்கில் "அம்மா வாயைக் கட்டுறாவில்லை" என்று முறைப்பாடு சொன்னதும் நான்தான். வீட்டில் எல்லோரும் ஒன்றைச் சாப்பிட, ஒருவர் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே ஏழு வருடம் இருப்பது யாரால் முடியும்? எனக்கு அதே சட்டம் வந்தபோது ஏழு நாள் இருக்க முடியவில்லை.

அதனால் பெரிய பானையை எடுத்து மேலே வைத்தேன்.

முதல் இரண்டு கிழமை பெரிய சண்டை. மகனுக்குச் சிவப்பரிசி தொண்டையில் இறங்கவில்லை. கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வேலையால் வரும்போது கொத்துப் பார்சல் கொண்டுவந்தார். அப்புறம் ஒரு விஷயம் விளங்கியது. அரிசியின் நிறத்தை விட அளவும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும்தான் முக்கியம். எங்கள் மத்தியானக் கோப்பையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நடுவில் மலை போலச் சோறு. அதற்கு உருளைக்கிழங்குக் கறி, தண்ணீராக ஒரு பருப்பு, ஒரு துண்டு மீன், இரண்டு அப்பளம். கிழங்கு மரக்கறி என்ற பெயரில் வந்தாலும் மாச்சத்துதான், சோற்றோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். கீரை என்று ஒரு தேக்கரண்டி ஓரத்தில் இருக்கும், அதுவும் இருந்தால்.

இப்போது எங்கள் வீட்டில் முதலில் கோப்பையின் பாதிக்கு வறையும் மரக்கறியும் போடுவோம். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயற்றங்காய், புடோல், கத்தரி, எது மலிவோ அது. கால்வாசிக்கு மீன் அல்லது கட்டிப் பருப்பு அல்லது கடலை. மிச்சக் கால்வாசிதான் சோற்றுக்கு. சோற்றை முதலில் போட்டால் அது தன் இடத்தைப் பிடித்துவிடும், கடைசியில் போட்டால் இருக்கிற இடத்துக்குள் அடங்கும். மகனுக்கு வளரும் வயது, அவன் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வான். பானை ஒன்றுதான், அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு.

குரக்கனைப் பற்றியும் ஒரு சொல். குரக்கன் மருந்து என்று நினைத்து நான்கு பேர் சாப்பிடும் புட்டை ஒருவர் சாப்பிடுகிறார். நார்ச்சத்தும் கல்சியமும் உண்டு, நல்லதுதான். ஆனால் அதுவும் மாத்தான். பனங்கட்டியும் அப்படித்தான். சீனியை விட்டுவிட்டேன் என்று சொல்லி ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கடி பனங்கட்டி கடித்தால் இரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

சீனிக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. மாதம் 6 கிலோ சீனி வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஐந்து பேர், அம்மா சீனி தொடுவதில்லை. ஆக நான்கு பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம். பத்துத் தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆளுக்கு உச்ச எல்லையாகச் சொல்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பிஸ்கட், சோடா, கேக் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. 50 கிராம் சீனியில் 200 கலோரி. அதை நடந்து கரைக்க எனக்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கரண்டியைப் பாதியாக்கி, மூன்று மாதத்தில் முற்றாக நிறுத்தினேன். இப்போது யாராவது வீட்டில் சீனி போட்ட தேத்தண்ணி தந்தால் நாக்குக்குப் பாகு போல இருக்கிறது. 2016இலிருந்து இலங்கையில் சோடாப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் கூட. பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கப் பழக்குங்கள், அவர்கள் நம்மை விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு புரதம் கிடைக்கவில்லை என்று ஒருவரும் சொல்லக் கூடாது. விலை ஏறிய பிறகு பாரையும் அறக்குளாவும் எங்களுக்கு எட்டாது, சரி. ஆனால் சூடையும் கீரியும் சாளையும் இருக்கின்றன. முள்ளோடு சாப்பிடும் சின்ன மீனில் கல்சியமும் கிடைக்கும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். பொரிக்காமல் புளி விட்டு அவித்தாலோ தீயலாக வைத்தாலோ எண்ணெயும் மிச்சம். இந்தக் கடலை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பாவில் வரும் புரதத் தூளை வாங்கும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனம் வருந்துகிறது. மெலிய வைக்கும் தேயிலை, மாத்திரை என்று முகநூலில் விற்பவை இன்னும் மோசம். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகள் விலக்கிய சிபுட்ரமின் என்ற மருந்து அப்படியான பொருட்களில் கலந்திருந்ததைப் பல இடங்களில் பிடித்திருக்கிறார்கள். பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள்.

அடுத்தது நடை. ஆண்களுக்கு இந்த ஊரில் விடியற்காலையில் இறங்கி நடப்பது பெரிய காரியமில்லை. பெண்ணுக்கு அப்படியா? ஐந்து மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளையை அனுப்பி, வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்து மறுபடி அடுப்பு. "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்பார்கள். நின்றுகொண்டு களைப்பது வேறு, மூச்சு வாங்க நடப்பது வேறு. கிழமைக்கு 150 நிமிடம் வேண்டும் என்கிறார்கள், அதாவது ஐந்து நாள், அரை மணித்தியாலப்படி. அந்த அரை மணித்தியாலத்தை வீடு தர வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது காலை இடியப்பம் கணவரின் பொறுப்பு. அவர் பிழியும் இடியப்பம் இன்னும் வட்டமாக வருவதில்லை, ஆனால் நான் 5.45க்கு வாசலைத் தாண்டிவிடுகிறேன்.

உவர்மலையில் இருந்து இறங்கி, டச்சுபே கடற்கரையால் கோட்டை வாசலுக்கு வந்து, மான்கள் படுத்திருக்கும் மரங்களுக்குக் கீழே கோணேசர் கோயில்வரை ஏறுவேன். அந்த ஏற்றம் கடவுள் தந்த பயிற்சி. முதல் மாதம் மூன்று இடத்தில் நின்றேன், இப்போது ஒரேயடியாக ஏறுகிறேன். மேலே நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்கும்போது அன்றைக்கு எந்தப் பிரச்சினையையும் சமாளிக்கலாம் என்று தோன்றும். மார்கழி மழையில் போக முடியாது, அந்த நாட்களில் வீட்டு விறாந்தையில்தான். கச்சான் காற்றுக் காலத்தில் ஏழு மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் போனது நினைவிருக்கிறதா? அது கஷ்டகாலம், பல வீடுகளில் ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்தார்கள், அந்தக் காலம் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் அந்தச் சைக்கிள்கள் இன்னும் வளவுகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. சந்திக்கடைக்குப் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிளைத் தட்டுகிறோம். சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும்.

அம்மாவால் மலை ஏற முடியாது. அவர் சாப்பிட்டபின் முற்றத்தில் பத்து நிமிடம் நடக்கிறார், ஏறும் சீனியை அது நன்றாகவே இறக்குகிறது. கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பதைக் காலையும் மாலையும் பத்துத் தடவை செய்கிறார். சாப்பாட்டுச் சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான், வயதாக ஆக அது குறைந்துகொண்டே போகும். கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். ஜிம் வேண்டாம், தண்ணீர் நிரப்பிய போத்தல் இரண்டு போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்காதீர்கள், சீனி இறங்கி மயங்கி விழலாம். வைத்தியரிடம் கதைத்து, அளவைப் பார்த்து மாற்றுங்கள். அம்மா இன்னும் குளிசை எடுக்கிறார்.

பத்து மாதத்தில் நான் 6 கிலோ குறைந்திருக்கிறேன். இடுப்பு 86. இன்னும் 80க்கு வரவில்லை. வெறுவயிற்றுச் சீனி 98. 35 வயது தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் எடை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். வருத்தம் ஒன்றும் இல்லை என்று இருக்காமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நேற்று மத்தியானம் அம்மாவும் பேரனும் ஒரே சட்டிச் சூடைத் தீயலுக்குச் சண்டை பிடித்தார்கள். அம்மா கடைசித் துண்டை எடுத்துத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டார், எல்லோருக்கும் முன்னால்.

உவர்மலை, திருக்கடலூர்ப் பக்கத்தில் காலையில் நடக்கத் துணை தேடும் அக்காமார், தங்கச்சிமார் இருந்தால் கீழே எழுதுங்கள். நாங்கள் இப்போது நான்கு பேர், கோட்டை வாசலில் ஆறு மணிக்கு நிற்போம்.