சொல்லாததற்கு மார்க் குறைக்காதீர்கள்

புதிதாக வந்த ஒரு விரிவுரையாளர் பருவம் முழுக்க என்ன நடத்துவார், மாணவரிடம் எதை எதிர்பார்க்கிறார் என்று எழுதி முதல் நாளே வகுப்பில் கொடுத்த பதினோரு பக்கக் கோர்ஸ் பிளான், ஸ்கிரீன்ஷாட்டாக ஒரு பதிவில் வந்தது; அதைக் கேலி செய்து ஆளாளுக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை நான் மறுபடி போடப் போவதில்லை, என் நட்புப் பட்டியலில் அதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்த விரிவுரையாளரின் பெயரைக் கீழே யாரும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவேன்.

மாணவர்கள் கிண்டல் செய்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. முதல் நாளே இவ்வளவு பெரிய தாளைக் கையில் கொடுத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். என்னால் தாங்க முடியாமல் போனது வேறு. பாடம் நடத்துகிறவர்களே வரிசையாக வந்து சிரித்தீர்களே, அதுதான். 'புதுசு, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்' என்று ஒருவர். 'சிலபஸ் இருக்கும்போது இது எதற்கு' என்று இன்னொருவர். 'இது வகுப்பா, ஜெயிலா' என்ற வரிக்கு எத்தனை பேராசிரியர்கள் சிரிப்பு போட்டிருக்கிறீர்கள் என்று போய்ப் பார்த்தேன். நான் மதிக்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குத் தெரிந்த பக்கங்களை முழுசாகப் படித்தேன். வாரவாரியாக ஓர் அட்டவணை. ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே படிக்க வேண்டிய பகுதி, வகுப்புக்கு வெளியே அதற்கு ஏறக்குறைய எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணக்கு. அடுத்த பக்கத்தில் தாமதத்துக்கான விதி. ஒரு நாள் தாமதித்தால் 5 சதவீதம் குறையும், மூன்று நாளுக்கு மேல் வாங்க மாட்டேன். அதற்கு நேர் கீழே இப்படி இருக்கிறது: 'உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் பிரச்சினை என்றால் கெடு முடிவதற்குள் ஒரு வரி எழுதுங்கள், இரண்டு நாள் தருவேன். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.'

இதுவா ஜெயில்? நம்மில் எத்தனை பேர், மாணவர் தன் குடும்பக் கஷ்டத்தை அறை வாசலில் நின்று ஒப்பித்தால்தான் இரண்டு நாள் கொடுக்கிறோம்? அப்படி ஒப்பிக்கக் கூசுகிற பிள்ளைக்கு அதுவும் கிடைப்பதில்லை. அந்தக் கூச்சத்தை ஒரே வரியில் போக்கியிருக்கிறார் அவர். நீங்கள் சிரித்தீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சொல்லாத எதிர்பார்ப்புக்கு மார்க் குறைக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது. எதிர்பார்க்கிறீர்களா, எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்க முடியவில்லையா, அதற்கு மார்க் குறைக்காதீர்கள்.

சிலபஸ் போதும் என்கிறவர்களுக்கு. சிலபஸில் 'அலகு 3: மாதிரி எடுக்கும் முறைகள்' என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்ய வேண்டும்? முறைகளின் வரையறைகளை மனப்பாடம் செய்தால் போதுமா? ஓர் ஆய்வுச் சூழலைக் கொடுத்தால் எந்த முறை பொருந்தும், மற்றவை ஏன் பொருந்தாது என்று வாதாட வேண்டுமா? இரண்டும் வேறு வேறு படிப்பு. முதலாவதுக்கு ஒரு ராத்திரி போதும், இரண்டாவதுக்குப் பல வாரம் பழக வேண்டும். நீங்கள் மனதில் இரண்டாவதை வைத்துக்கொண்டு, வகுப்பில் முதலாவதை நடத்தி, தேர்வில் மறுபடி இரண்டாவதைக் கேட்டால், தோற்றது யார்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கல்வி ஆய்வாளர் ஜான் பிக்ஸ் 1996-லேயே தெளிவாக எழுதிவிட்டார். மாணவர் கடைசியில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், வகுப்பில் என்ன செய்கிறார், எதை வைத்து மதிப்பிடப்படுகிறார், இந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. ஒரு பாடத்தைத் திட்டமிடுவது என்றால் முதல் அலகிலிருந்து ஆரம்பித்து நாட்களைப் பங்கு போடுவது இல்லை. கடைசியில் என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வருவது. அப்படி உட்கார்ந்து யோசித்தவரால்தான் முதல் நாளே தாளில் எழுத முடியும். அந்தப் பதினோரு பக்கத்தை எழுத அவர் விடுமுறையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று, இந்த வேலை தெரிந்த நமக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் படித்த காலத்தில் ஒரு பாடத்துக்குப் பருவக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தலைப்பும் பக்க அளவும் கெடு தேதியும் மட்டும் கரும்பலகையில் வந்தன. நூலகம் மூடும்வரை இருந்து படித்து எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் 'ஆழம் போதாது' என்று இரண்டே சொல். வேறு எதுவும் இல்லை. போய்க் கேட்டேன். 'இந்த நிலைக்கு வந்த பிறகு அதை நானா சொல்ல வேண்டும், நீயே யோசி' என்றார். யோசித்தேன். இன்னும் படிக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த கட்டுரைக்கு இன்னும் நிறையப் படித்து, எடுத்ததையெல்லாம் உள்ளே திணித்தேன். மார்க் இன்னும் குறைந்தது.

என் கூடப் படித்த ஒருவனுக்கு நல்ல மார்க். அவன் என்னைவிட அதிகம் படித்தவன் இல்லை, அவனே அதைச் சொல்வான். அவனிடம் ஒரு சீனியரின் பழைய கட்டுரை இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது: அந்த ஆசிரியருக்குத் தகவல் குவிப்பு வேண்டாம், எடுத்த நிலைப்பாட்டுக்கு எதிரான வாதத்தையும் மாணவரே எழுப்பி, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் 'ஆழம்'. ஒரே ஒரு வாக்கியம். அதை வகுப்பில் சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். சீனியர்களைத் தெரிந்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. விடுதியில் இடம் கிடைக்காமல் பயணம் செய்து வந்து போனவர்களுக்குச் சேரவில்லை. வீட்டில் கேட்கலாம் என்றால், வீட்டில் பல்கலைக்கழகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. எனக்கு மூளை இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பிலிப் ஜாக்சன் 1968-லேயே பள்ளி வகுப்பறைகளைப் பார்த்து எழுதினார், பாடப்புத்தகத்துக்குப் பின்னால் எழுதப்படாத இன்னொரு பாடத்திட்டம் ஓடுகிறது என்று. பல்கலைக்கழகத்தில் அது இன்னும் கெட்டியானது. எப்போது கேள்வி கேட்கலாம், ஆசிரியரின் அறைக்குப் போனால் திட்டுவாரா, மின்னஞ்சலை எப்படி ஆரம்பிப்பது, 'விமர்சன நோக்கில் எழுது' என்றால் என்ன செய்வது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்கள் மார்க்கைப் பறிகொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. மேரி-ஆன் விங்கெல்மஸும் அவருடைய குழுவினரும் 2016-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஏழு கல்வி நிறுவனங்களில், ஆசிரியர்கள் ஒரு பருவத்தில் இரண்டே இரண்டு அசைன்மென்ட்டுகளை மட்டும் மாற்றினார்கள். இதை எதற்காகச் செய்கிறோம், என்ன செய்ய வேண்டும், எதை வைத்து மதிப்பிடுவேன், இந்த மூன்றையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். மாணவர்களின் தன்னம்பிக்கையும் 'நான் இந்த இடத்துக்கு உரியவன்' என்ற உணர்வும் கூடின. வேலைக்குத் தேவையான திறன்களைக் கற்றுக்கொண்டோம் என்று சொன்னவர்களும் கூடினார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் பலன் இன்னும் அதிகம். மூன்றே விஷயம், இரண்டே அசைன்மென்ட். இதைச் செய்ய நம்மை எது தடுக்கிறது?

இப்போது வருவார்கள், 'அவர்கள் வளர்ந்தவர்கள், ஊட்டிவிடக் கூடாது' என்று. ஊட்டிவிடுவது என்றால் விடையைச் சொல்லித் தருவது. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று சொல்வது ஊட்டிவிடுவது ஆகாது. அளவு சொல்லாமல் சட்டை தைக்கச் சொல்லிவிட்டு, பொருந்தவில்லை என்று தையற்காரரின் கூலியைப் பிடிப்பீர்களா? 'அளவை நீயே யோசித்திருக்க வேண்டும்' என்பீர்களா? நம்முடைய ஆய்வுக் கட்டுரைகளை இதழ்களுக்கு அனுப்பும்போது, எத்தனை சொல், எந்த வடிவம், மேற்கோள் எந்த முறை என்று எழுத்தாளர்களுக்கான வழிகாட்டுதல் பக்கம் பக்கமாக இருக்கிறது. வரிக்கு வரி படித்துத்தானே அனுப்புகிறோம்? நமக்கு அது தொழில் ஒழுங்கு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தால் மட்டும் ஊட்டிவிடுவதா?

'எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் தாளில் இருப்பதை மட்டும் செய்வார்கள், படைப்பாற்றல் செத்துவிடும்.' இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய வாதம்தான். ரூப்ரிக்கை, அதாவது எதை வைத்து மார்க் போடுவோம் என்ற அட்டவணையை, மிக நுணுக்கமாகப் போட்டு, முன்னுரைக்கு 2 மார்க், மேற்கோளுக்கு 1 மார்க் என்று கூறு போட்டால், பெட்டிகளை நிரப்பும் வேலையாகத்தான் முடியும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'எதிர்வாதத்தை எழுப்பிப் பதில் சொல்' என்று சொன்னால் எந்தப் படைப்பாற்றல் சாகும்? என்ன வேண்டும் என்று தெரியாத மாணவர் புதுசாக எதையும் முயல மாட்டார். பயந்துபோய், பாதுகாப்பாக, போன வருடம் யாரோ எழுதியதைத்தான் எழுதுவார்.

'யாரும் படிக்க மாட்டார்கள்.' படிக்க வையுங்கள். முதல் வகுப்பில் பத்து நிமிடம் கொடுத்து, புரியாத இடத்தை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

'எங்கள் காலத்தில் யார் சொன்னார்கள்?' இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இன்றைக்கு வந்து அந்தப் பதிவில் சிரிக்க முடியாது, அவ்வளவுதான்.

நேரக் கணக்கையும் கேலி செய்தீர்கள், 'ஸ்டாப்வாட்ச் வைத்துப் படிக்க வேண்டுமாம்' என்று. கிரெடிட் என்பதே நேரக் கணக்குதானே? அமெரிக்க விதிப்படி ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, குறைந்தது இரண்டு மணி நேரம் வெளியே படிப்பு, ஏறக்குறைய 15 வாரத்துக்கு. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், வருடத்துக்கு 60 கிரெடிட். அந்த அமெரிக்கக் கணக்கில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் ஒன்பது மணி நேரம். இப்படி ஐந்து பாடம் எடுத்தால் 45 மணி நேரம். முழுநேர வேலையைத் தாண்டிவிட்டது. அவரவர் பாடம்தான் முக்கியம் என்று அவரவர் அள்ளிக் கொடுக்கிறோமே, மொத்தத்தை யார் கூட்டிப் பார்க்கிறோம்? எட்டாவது வாரத்தில் நான்கு கெடு ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழும்போது, 'நேர நிர்வாகம் தெரியவில்லை' என்று மாணவர் தலையிலேயே போடுகிறோம். அந்த விரிவுரையாளர் குறைந்தபட்சம் தன் பாடத்துக்காவது கூட்டிப் பார்த்திருக்கிறார்.

இதில் ஏஐ வேறு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து ஆளுக்கொரு சட்டம். ஒரு வகுப்பில் மொழி திருத்த அனுமதி உண்டு, அடுத்த வகுப்பில் தொட்டாலே எழுத்துத் திருட்டு, மூன்றாவது வகுப்பில் ஆசிரியர் வாயே திறப்பதில்லை. ஆனால் கட்டுரை வந்த பிறகு விசாரணை. மூன்றுக்கும் ஒரே மாணவர்தான் போகிறார். படத்தில் தெரிந்த கடைசிப் பக்கத்தில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது. வாசிப்புச் சுருக்கத்தை நீங்களேதான் எழுத வேண்டும், ஏனென்றால் வாசிக்கப் பழகுவதுதான் அந்த வேலையின் நோக்கம். இறுதிக் கட்டுரையில் மொழி திருத்தப் பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தினீர்கள் என்று கடைசியில் இரண்டு வரி எழுதுங்கள். தடை மட்டும் இல்லை, தடைக்குக் காரணமும் இருக்கிறது. இவ்வளவு தெளிவாக நம் துறைகள் இதுவரை ஒரு சுற்றறிக்கையாவது விட்டிருக்கின்றனவா?

'தாளில் இப்படித்தானே போட்டிருக்கிறீர்கள் என்று மாணவர்கள் நம்மையே மடக்குவார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மையில் இதுதான் பலருக்கும் பயம் என்று நினைக்கிறேன். எழுதிக் கொடுத்தால் அது நம்மையும் கட்டும். இரண்டு வாரத்தில் திருத்தித் தருவேன் என்று எழுதினால் தர வேண்டும். புதன்கிழமை மாலை அறையில் இருப்பேன் என்றால் இருக்க வேண்டும். பிடித்த மாணவருக்குக் கெடுவை நீட்டிவிட்டு மற்றவரிடம் விதி பேச முடியாது. மடக்கட்டுமே. எதிர்பார்ப்பு என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் என்று யார் சொன்னது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. கோர்ஸ் பிளான் எழுதாத எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. தொகுப்பூதியத்தில் இருக்கிறவர்களுக்கு, பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரம்தான் எந்தப் பாடம் என்றே தெரிகிறது. சிலருக்கு வகுப்பு ஆரம்பித்த பிறகு. அவர்கள் பின்னோக்கி எங்கே திட்டமிடுவது? ராத்திரி படித்துக் காலையில் நடத்துவதே பெரிது. அந்த நிலைமையிலும் ஒருவர் பதினோரு பக்கம் எழுதிக்கொண்டு வகுப்புக்குள் போகிறார் என்றால் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் அவரைக் கூட்டமாக நின்று கேலி செய்தோம். அடுத்த பருவம் அவர் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், அந்த ஒன்பது பக்க நஷ்டம் நமக்கு இல்லை, அவருடைய வகுப்பில் சீனியர் யாரையும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு.

அந்தப் பதிவில் சிரித்தவர்களில் பாடம் ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். அடுத்த பருவத்துக்கு யாருக்கு எந்தப் பாடம் என்பதை இந்தப் பருவம் முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். எல்லாப் பாடங்களின் கெடு தேதிகளையும் ஒரே அட்டவணையில் போட்டுத் துறைக் கூட்டத்தில் வையுங்கள். கெடுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற வாரத்தை அங்கேயே உட்கார்ந்து பிரித்து வைப்போம், நான் வருகிறேன்.