பறவை பார்க்க வந்தவருக்கு சென்சார் பாடம் எடுக்காதீர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் குழு பறவை பார்க்கப் போன ஏரிக்கரையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதே பேச்சு வாட்ஸாப் குழுவிலும் சிரிப்புப் பொம்மைகளோடு தொடர்ந்துகொண்டே இருப்பதால் எழுதுகிறேன். அங்கே இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், பெயர் தேவையில்லை. அந்த ஆசிரியையின் கழுத்தில் தொங்கியது, லென்ஸைக் கழற்ற முடியாத, ஆனால் தூரத்துப் பொருளைக் கிட்டே கொண்டுவரும் சூப்பர்ஜூம் கேமரா என்ற ஒரே காரணத்துக்காக, "டீச்சர், இது நிலாவைப் படம் பிடிக்கத்தான் லாயக்கு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்குங்க" என்று அத்தனை பேர் முன்னிலையில் சொல்வதற்கு அறிவுரை என்று பெயர் வைக்க என்னால் முடியாது. (டி.எஸ்.எல்.ஆர். என்பது லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய பெரிய கேமரா.) தொனியை மன்னித்துவிடலாம் என்றாலும், சொன்ன விஷயமே தவறு என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பதைப் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். சேற்றுத் திட்டில் தனியாக நின்ற அந்தக் கரைப்பறவை பச்சைக்காலியா, சதுப்பு மண்கொத்தியா என்று நாமெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தோம். வெறுங்கண்ணுக்கு இரண்டும் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோலவே தெரியும். பச்சைக்காலியின் அலகு தடித்து, நுனியில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். சதுப்பு மண்கொத்தியின் அலகு மெலிந்து நேராக நீண்டிருக்கும். ஆசிரியை கேமராவை முழு ஜூமுக்குக் கொண்டுபோய், கரையிலிருந்த கல்லின்மேல் ஊன்றி ஒரு படம் எடுத்து, திரையில் அலகைக் காட்டினார். மெலிந்த, நேரான அலகு. வாதம் அத்தோடு முடிந்தது. அந்தப் படத்தில் இறகுகளின் விளிம்பு கொஞ்சம் குழைந்திருந்தது உண்மைதான். ஆனால் அன்று காலை அங்கே இருந்த எந்த டி.எஸ்.எல்.ஆராலும் அந்தத் தூரத்திலிருந்து அலகின் வடிவத்தைச் சொல்ல முடியவில்லை என்பதும் உண்மை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கேமரா வாங்க யோசனை கேட்டு வருபவரிடம் முதலில், எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள், கையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். மொத்தம் என்றால் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), லென்ஸ், பை, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து. பறவை பார்க்க வேண்டும், ஐம்பது அறுபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை என்று அவர் சொன்னால், அவருக்குச் சரியானது சூப்பர்ஜூம்தான். ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு, அதாவது கேமராவோடு சேர்த்தே தரும் சாதாரண லென்ஸோடு வருகிறது. இந்த எண் பெரிதாகப் பெரிதாகத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். கூடுதல் பணம் கொடுத்தால் 55-250. கேனான் 1500டி பாடியில் அந்த 250 மி.மீ., பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் ஏறக்குறைய 400 மி.மீ.க்குச் சமம். 2015இல் வந்த நிக்கான் பி900 அதே கணக்கில் 2000 மி.மீ. வரை போகும், பி1000 3000 வரை போகும், கேனான் எஸ்எக்ஸ்70 1365 வரை போகும். 400க்கும் 2000க்கும் உள்ள வித்தியாசம் ரசனையைப் பொறுத்தது அல்ல. ஏரியின் அந்தக் கரையில் இருக்கும் பறவை படத்தில் இருக்கிறதா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது.

என் தாய்மாமாவைப் பற்றிச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன், இங்கே எழுதியதில்லை. அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பறவைப் பித்து பிடித்தது. பறவைகள் சரணாலயமான வடுவூர் ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரர், அதனால் அந்தப் பித்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஓய்வூதியப் பணத்தில் ஒரு கேமரா வாங்கலாம் என்று நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனார். கடைக்காரரும் அங்கே நின்றிருந்த கல்யாண போட்டோகிராஃபர் ஒருவரும் சேர்ந்து, கேமரா என்றால் டி.எஸ்.எல்.ஆர்.தான், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று சொல்லி, கிட் லென்ஸோடு ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் அவரிடம் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஊருக்குப் போனபோது எனக்குப் படங்களைக் காட்டினார். வானம், தண்ணீர், கருவேல மரம், அதன் உச்சியில் ஒரு புள்ளி. "மாப்ள, இதுதான் நத்தைகுத்தி நாரைன்னா உங்க அத்தை நம்ப மாட்டேங்கறா" என்றார். அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தனக்குத்தான் கேமராவைக் கையாளத் தெரியவில்லை என்று அவர் நம்பினார். கையேட்டைப் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தார். தவறு அவருடையது அல்ல என்று சொல்ல அந்தக் கடையில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு கேமரா பீரோவுக்குள் போனது. இரண்டு மழைக்காலம் கழித்து வெளியே எடுத்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதன்பின் பழைய சூப்பர்ஜூம் ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவரிடம் அந்த ஏரியின் கரண்டிவாயன்கள், நீலத் தாழைக்கோழிகள், குளிர்காலத்தில் வந்துபோகும் வாத்துகள் எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. முழங்கால் வலியோடு வரப்பில் நடப்பவருக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கும் கேமரா எவ்வளவு பெரிய உதவி என்பது முப்பது வயதுக்காரர்களுக்குப் புரியாது.

உடனே வரப்போகும் பதில் எனக்குத் தெரியும்: "படத் தரம்?" ஆமாம், சூப்பர்ஜூமின் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லு, சிறியது. பி900இல் இருப்பது ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது. 1500டியின் சென்சார் பரப்பளவில் அதைப்போல ஏறக்குறைய 12 மடங்கு. கல்யாண மண்டபத்தில், கோயில் பிரகாரத்தில், குழந்தையின் முகத்தில் அந்த 12 மடங்கும் உங்களுக்குப் பயன்படும். தூரத்துப் பறவையில் பயன்படாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 செ.மீ. நீளமுள்ள பறவை 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 250 மி.மீ. லென்ஸ் வழியாக அதன் பிம்பம் 1500டியின் சென்சார்மேல் ஏறக்குறைய 1.25 மி.மீ. நீளத்துக்கு விழும். பி900இன் லென்ஸ் முழு ஜூமில் உண்மையிலேயே 357 மி.மீ. குவியத் தூரம் கொண்டது என்பதால் அதே பிம்பம் அங்கே ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளத்துக்கு விழுகிறது. பறவை பெரிதாக விழுவது சிறிய சென்சாரின்மேல்தான். பிக்சல் கணக்கில் பி900இல் பறவையின் நீளத்துக்கு 1300க்கு மேல் கிடைக்கிறது, 1500டியில் 330 சொச்சம். உங்கள் பெரிய சென்சாரின் மற்ற பரப்பெல்லாம் சுற்றியிருக்கும் தண்ணீரையும் கோரையையும் பதிவுசெய்கிறது, அதை நீங்களே பிறகு கிராப் செய்து வெட்டி எறிகிறீர்கள்.

"சிறிய சென்சாருக்கு ஒளி போதாது" என்பது அடுத்தது. குவியத் தூரத்தை லென்ஸின் எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். பி900இன் 357ஐ எஃப்/6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ. 250ஐ எஃப்/5.6ஆல் வகுத்தால் 45 மி.மீ. ஒரே பறவையிடமிருந்து, ஒரே ஷட்டர் வேகத்தில், எந்தத் துளை கூடுதல் ஒளியை உள்ளே வாங்கும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நாய்ஸ், நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிப்புள்ளியான கலங்கல்) என்று சொல்பவர்கள் இரண்டு கேமராவிலும் பறவையை ஒரே அளவுக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும். கடையில் தரும் 55-250 லென்ஸோடு ஒப்பிடுகிறேன் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் பின்னூட்டத்தில் யாராவது 600 மி.மீ. எஃப்/4 லென்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதன் விலையில் அந்த ஆசிரியை கார் வாங்கிவிடலாம்.

சூப்பர்ஜூமுக்குக் குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பறக்கும் பறவைக்கு அது சரிப்படாது. பனை உழவாரனைத் துரத்திக்கொண்டு போனால் வியூஃபைண்டரில் வெறும் வானம்தான் மிஞ்சும். பி900 வினாடிக்கு 7 படம் எடுக்கும், அந்த 7 படத்தோடு நின்றுவிடும், கார்டில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்த குருவியை விட்டுவிட்டுக் குச்சியில் ஃபோகஸ் ஆகும். சோலைக்காட்டு இருட்டில் படம் பிசுபிசுத்துப் போகும். வெயில் ஏறிய பிறகு முழு ஜூமில் எடுத்தால் கானல் அலையில் பறவை நெளியும். பி900இல் ரா (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) வசதியும் கிடையாது, பி950இலும் பி1000இலும்தான் வந்தது. இவையெல்லாம் உண்மையான குறைகள், வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. ஆனால் அன்று ஏரிக்கரையில் யாரும் இவற்றை அந்த ஆசிரியையிடம் விளக்கவில்லை. நிலா என்று சொல்லிச் சிரித்ததுதான் நடந்தது.

"டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால் பின்னால் லென்ஸ் மாற்றிக்கொள்ளலாமே" என்பவர்களுக்கு: அந்தப் 'பின்னால்' எப்போது வரும்? பறவைக்கென்று ஓரளவு உருப்படியாக உதவும் 150-600 லென்ஸ் ஒன்று அந்த ஆரம்பநிலை பாடியைவிட அதிக விலை, எடை மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ. பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து, சமையலை முடித்து, பிள்ளையைப் படிக்க வைத்து, மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஸ்கூட்டியில் ஏரிக்கு வரும் ஒரு பெண், அந்த லென்ஸுக்காக எத்தனை ஆண்டு சீட்டுக் கட்ட வேண்டும்? அதுவரை அவர் 18-55ஐ வைத்துக்கொண்டு நாரையைப் புள்ளியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? நீங்கள் தொடங்கியபோது உங்கள் செலவுக்கு வீட்டில் யாராவது கணக்குக் கேட்டார்களா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் டி.எஸ்.எல்.ஆருக்கு எதிரி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என்னிடமே ஒன்று இருக்கிறது, 150-600உம் இருக்கிறது. பறக்கும் ஆலாக்களை எடுக்க நான் அதைத்தான் கொண்டுபோகிறேன். அதை வைத்திருப்பதால் பறவையைப் பற்றி எனக்கு ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரிந்துவிடவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு இணையதளத்தில் அரிய பறவை ஒன்றைப் பதிவுசெய்தால் சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்பார். அலகும் கால்நிறமும் இறக்கைப் பட்டையும் தெரிந்தால் அவருக்குப் போதும், பின்னணி வெண்ணெய்போல் மங்கிக் குழைந்திருக்க வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளின் காலில் மாட்டிவிடும் வளையத்தையும் கொடியையும் தூரத்திலிருந்து படித்துச் சொன்னால், அந்தப் பறவை எங்கிருந்து எங்கே போனது என்பது தெரியவரும். அந்த எழுத்தைப் படிக்கக் கிட்டே போக வேண்டியதில்லை என்பது சூப்பர்ஜூம் தரும் பெரிய வரம்.

கிட்டே போவது என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படத்தில் பறவை நிறைந்திருக்க வேண்டும் என்ற வெறியில், கையில் உள்ள லென்ஸ் போதாமல், கூட்டுக்கு அருகே போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரையில் முட்டையிடும் ஆள்காட்டி எழுந்து கத்திக்கொண்டே சுற்றும். நடுப்பகல் வெயிலில் முட்டை திறந்து கிடக்கும். இவர்கள் மண்டியிட்டுக் கோணம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படங்களுக்கு விழும் லைக்குகளையும் பார்த்திருக்கிறேன். தள்ளி நின்று, பறவைக்குத் தெரியாமல், கொஞ்சம் குழைந்த படம் எடுத்த ஆசிரியைக்குக் கிடைத்தது சிரிப்பு. இது என்னை உண்மையிலேயே புண்படுத்துகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

இந்த மண்ணில் காட்டுயிர்ப் படமெடுப்பதற்கு முன்னோடி மா. கிருஷ்ணன். பல கேமராக்களின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட ஒரு கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதோடுதான் காடு காடாக அலைந்தார். கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் அன்று நம் ஏரிக்கரைக்கு வந்திருந்தால் அந்தக் கருவியையும் பார்த்துச் சிரித்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆசிரியை அன்றிரவு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "சார், விற்றுவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். விற்கவே கூடாது என்று பதில் எழுதினேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நம் ஏரிக்கான ஆதாரப் படங்களை அவர்தான் எடுத்துத் தர வேண்டும் என்றும் கேட்டேன், சரி என்றார்.

நாளைக்கே அவருக்குப் பறக்கும் பறவையை எடுக்க ஆசை வரலாம், வரட்டும். அப்போது பாடியையும் 150-600ஐயும் சேர்த்தே ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், பாடியை மட்டும் முதலில் வாங்கவே கூடாது. தயாரிப்பாளர்கள் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) பக்கம் போய்விட்டதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. லென்ஸைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை நேரம் முழுக்கக் கரையைச் சுற்றி நடந்து பார்த்துவிட வேண்டும். என் லென்ஸ் வீட்டில்தான் இருக்கிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள், தருகிறேன்.