இருட்டில் வரம்பேற முடியுமா?

தசைக்குள் சிறு காந்தங்களைப் பதித்து, வெளியிலிருந்து அவற்றை அதிரச் செய்து, இழந்த கைகால் அசைவதாக உணர வைக்கலாம் என்ற கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள் கையிழந்த ஒருவரின் முன்கைத் தசைகளில் 6 காந்தங்கள் வைத்து இயந்திரக் கையை இயக்கிக் காட்டியதை 2024இல் வெளியிட்டார்கள். எனக்கு அதைவிட இந்த உணர்வு விடயமே பெரிது.

கிளிநொச்சிப் பக்கம் என் அண்ணா பொய்க்காலோடு வயல் செய்கிறார். வரம்பில் ஏறும்போது மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து, கால் எங்கே பதிந்தது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த அடி. பொழுதுபட்டால் தண்ணீர் கட்டப் போகமாட்டார். தசையை விநாடிக்கு 70 முதல் 100 தடவை அதிர வைத்தால் மூளை அதை அசைவென்றே எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். அண்ணாவிடம் சொன்னேன். “முதலில் பொய்க்காலுக்குள் போடும் உறையை மாற்றித் தரச் சொல்லு” என்று சிரித்தார்.

ஒரு கேள்வி. வன்னியில் பலர் போரில் வெடித்த எறிகணைகளின் இரும்புத் துண்டுகளை உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறோம். என் தோளிலும் ஒன்று. இதனாலேயே, வலுவான காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. எங்களுக்கு எடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் காந்தம் வைப்பார்களா? கட்டுரையாளர் இதையும் எழுத வேண்டும்.