"இதத்தானத்தா நீ படிச்ச?"

2024 டிசம்பரில் ஒரு சாயங்காலம் பெரியப்பா ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன தாள்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் என்ற கனிமம் எடுக்க ஏலம் விட்டாச்சு என்ற செய்தி பரவி, ஊருக்கு ஊர் மந்தையில் கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு, "வெளிநாடு போயி இதத்தானத்தா நீ படிச்ச? நம்ம நெலம் இதுக்குள்ள வருதான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

முழுக்க ஆங்கிலம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர், அப்புறம் வரிசையாக எண்கள். எது எங்கள் கண்மாய், எது பாறை, எது அவருடைய ஒன்றரை ஏக்கர் என்று வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து முடிக்க இரவு 11 மணியாகிவிட்டது. அதுவரை அவர் எழுந்து போகவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஐரோப்பாவில் 2 ஆண்டு நான் படித்த முதுகலைப் படிப்பின் பெயரைத் தமிழில் சொன்னால், உலகச் சுற்றுச்சூழல் அரசியலும் சமூகமும். அது எதற்கான படிப்பு என்று எனக்கே முழுசாக விளங்கியது அன்றைக்கு இரவுதான். போன வாரம் ஒரு தோழியின் மகள், இதே மாதிரிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். "சுற்றுச்சூழல்னா மரம் நடுறதுதானே, அதுக்கு எதுக்கு எம்.ஏ.?" என்று அவள் அம்மா பக்கத்திலிருந்து கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கிணற்றுத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளந்து சொல்ல அறிவியல் இருக்கிறது. அது கட்டாயம் வேண்டும். நான் படித்தது அதற்கு அடுத்த கேள்விகளை. அந்தத் தண்ணீரைப் பற்றி முடிவெடுத்தது யார், எந்த ஊரில் உட்கார்ந்து எடுத்தார்கள், யாரைக் கேட்டார்கள், லாபம் யார் வீட்டுக்குப் போகிறது, நோய் யார் வீட்டுக்கு வருகிறது.

எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. சமணர் படுக்கை, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, குடைவரைக் கோயில், வல்லூறு, தேவாங்கு, எறும்புதின்னி எல்லாம் உள்ள மலைகள். இரண்டே ஆண்டில், 2024 நவம்பர் 7ஆம் தேதி, அந்த இடத்தையும் சேர்த்து வளைத்த தொகுதிக்கு ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வருகிறது. ஊரில் பலரும் இது ஒரு கம்பெனியின் பேராசை என்றார்கள். அது பாதிக் கதைதான்.

மீதிக் கதை மேலூரில் நடக்கவில்லை. டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். பாறையைத் துளைக்கும் கருவியிலிருந்து ராணுவத் தளவாடம் வரைக்கும் அது தேவைப்படுகிறது. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவில். அதை நம்பியிருக்கக் கூடாது என்று பல நாடுகளும் முக்கியக் கனிமப் பட்டியல் போட ஆரம்பித்தன. 2023இல் இந்தியாவும் 30 கனிமங்களைப் பட்டியலிட்டது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கைக்குக் கொண்டுபோனது. அந்த 24இல் டங்ஸ்டனும் உண்டு. வல்லரசுகளுக்கு நடுவே நடக்கும் போட்டி, ஒரு சட்டத் திருத்தம் வழியாக, பெரியப்பாவின் ஒன்றரை ஏக்கருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிடித்துப் போகத் தெரிவதுதான் இந்தப் படிப்பு.

மக்கள் ஜெயித்தார்கள். கிராமசபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை போன அந்தப் பேரணி. நானும் நடந்தேன். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. அன்றைக்கு எங்கள் ஊரில் வெடிச்சத்தம் ஓயவில்லை.

ஆனால் பிப்ரவரி 4ஆம் தேதி சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. இங்கே ஏலம் ரத்தாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கனிமத்துக்கான தேடல் இன்னும் கூடும் என்றுதானே அர்த்தம்? 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. முக்கியக் கனிமங்கள், அணுக் கனிமங்கள் சார்ந்த சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்கிறது அது. மேலூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பேரணிக்கு வந்தவர்களில் பத்துப் பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குறிப்பாணையைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கச் சொல்லும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக்கு முன் மாநில மொழியில் தர வேண்டியது சுருக்கத்தை மட்டும்தான். நூற்றுக்கணக்கான பக்கமுள்ள முழு அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கலாம். 2020இல் அதற்குப் பதிலாகப் புது வரைவு வந்தபோது, அதை 22 மொழிகளில் தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நிலம் தமிழ் பேசுகிறவருடையது, அந்த நிலத்தைப் பற்றிய காகிதம் அவருக்குப் புரியாத மொழியில். இதை நான் வெறும் மொழிப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை.

அரிட்டாபட்டிக்கு ஏலம் முடிந்த அதே நவம்பரில்தான் அஜர்பைஜானின் பாகூவில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் நிதி கேட்டன. 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தார்கள். அரங்கிலேயே எழுந்து இந்தியா எதிர்ப்புச் சொன்னது, அது நியாயம்தான். 1991இலேயே இந்தியச் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதே நியாயத்தைக் கேட்டிருந்தார்கள். பிழைப்புக்கு உழுகிற ஏழையின் நெல் வயலிலிருந்து வரும் வாயுவையும் பணக்கார நாட்டுக் காரின் புகையையும் ஒரே தராசில் எப்படி நிறுக்கலாம் என்பது அவர்கள் வாதம். வகுப்பில் அதைப் படித்தபோது என் கண் முன்னால் நின்றது எங்கள் வயல்தான். ஆனால் டெல்லி உலகத்திடம் கேட்கிற அந்த நியாயத்தை, மேலூர் டெல்லியிடம் கேட்கக் கூடாதா?

சரி, 'சமூகம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஆளாளுக்கு மாட்டை ஓட்டிவிட்டுக் கடைசியில் புல்லே மிஞ்சாது என்பது அவர் வாதம். ஒன்று அரசு கையில் வேண்டும், இல்லையென்றால் தனியார் கையில். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் அதை மறுத்தார். சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல், ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் பாசனம் என்று பல இடங்களைக் காட்டி, மக்களே விதி வகுத்துப் பொது வளத்தைக் காக்க முடியும் என்றார். 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண் அவர். அந்த வகுப்பில் நான் கையைத் தூக்கி எங்கள் கண்மாயைப் பற்றிச் சொன்னேன். எந்த மடை எப்போது திறக்கும், எத்தனை நாழிகை யார் வயலுக்குப் பாயும், கலுங்கு எந்த மட்டத்தில் வழியும், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நீர்கட்டிக்கு அறுவடையில் களத்திலேயே நெல் அளப்பது வரை. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். எனக்கு ஒரே பெருமை.

பிலிப்பைன்ஸ் நாட்டுத் தோழி ஒரு கேள்வி கேட்டாள். "அந்த நீர்கட்டிக்குச் சொந்த நிலம் உண்டா?"

இல்லை. எங்கள் ஊரில் அந்தக் குடும்பம் தலித் குடும்பம். தலைமுறை தலைமுறையாக எல்லார் வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு, கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்தில் ஒரு சென்ட் கிடையாது. அவர்களில் ஒருவரும் பாசனக் கூட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் அந்தக் கூட்டத்துக்கே வந்ததில்லை. இருபது வருடம் அந்த ஊரில் வளர்ந்த எனக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை என்பதை நினைத்து அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊரின் பொதுச்சொத்து பலவும் ஊராட்சி கையில்தான் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து மேலவளவில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராக வந்ததற்காகவே 1997இல் முருகேசனும் உடனிருந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 'நம் முன்னோர் கண்மாயைக் கட்டிக் காத்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். கண்மாயின் அறிவும் உண்மை, அதற்குள் இருந்த அநீதியும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரியாத சுற்றுச்சூழல் படிப்பு நம் மண்ணுக்கு உதவாது.

முல்லைப் பெரியாறு அணையிலிருந்து எங்களுக்கு வரும் நீரும் அப்படித்தான். 1886இல் போட்ட 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் வந்த அணை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் என்று பாடப்புத்தகத்தில் வருவதோடு நிறுத்திவிடுகிறோம். கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி மேலூருக்கு ஒருபோகம். கடைமடைக்காரர் ஒவ்வொரு ஆண்டும் தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராட வேண்டியிருப்பது ஏன் என்பதை வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம்.

வேலை கிடைக்குமா என்று அந்த அம்மா கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஐ.டி. வேலை மாதிரி வரிசையாகக் காத்திருக்காது. ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியப் பணி, அப்புறம் தமிழ்நாடு அரசின் காலநிலை இயக்கம், மாவட்டங்களுக்கு இளைஞர்களை அனுப்பும் முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப் என்று வழிகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவு. எனக்கு நிலையான வேலை கிடைக்க 14 மாதம் ஆனது. வெளிநாட்டுக்குக் கடன் வாங்கிப் போகாதே என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ், பிரிட்டன் தரும் காமன்வெல்த் உதவித்தொகைகளுக்கு முயற்சி செய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது, அதைப் பற்றித் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அவள் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி இங்கே மதுரையில் இருக்கிறது. 1966இல் வந்த காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்மாய்ப் பாசன விவசாயிகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்யும் தானம் அறக்கட்டளை இருக்கிறது. நீர்நிலை வழக்குகளைக் கேட்கும் உயர் நீதிமன்றக் கிளை உலகனேரியில் இருக்கிறது (அந்தப் பெயரிலேயே ஏரி இருப்பதைக் கவனியுங்கள்). இந்தப் படிப்பைத் தமிழிலேயே நடத்த இதைவிட நல்ல ஊர் எது? முதல் பருவத்தில் ரியோ, கியோட்டோ, பாரிஸ் என்ற உலகச் சுற்றுச்சூழல் ஒப்பந்தங்கள் இருக்கட்டும், அவை வேண்டும். கூடவே ஓர் ஏல அறிவிப்பை, ஓர் அரசிதழை, ஒரு தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வரிவரியாகப் படித்து, தமிழில் நான்கு பக்கமாக எழுதி, கிராமசபையில் நின்று வாசிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் போடுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் வந்ததே, பந்தல்குடிக் கால்வாய் ஓரமாக நடந்து போய் அது ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு இதையெல்லாம் யாரும் கற்றுத்தரவில்லை. பெரியப்பா கொண்டுவந்த காகிதத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் குறிப்பாணையைத் தமிழில் எழுதி அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நம்மளக் கேக்கவே மாட்டாங்கன்னா, நம்ம எங்க போயிச் சொல்றது?" என்றார். கிராமசபையில் தீர்மானமாகப் போடலாம் என்று முடிவு செய்து, இரண்டு பேரும் இப்போது வாசகத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழாக்கம் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.