தரம் தெரிவது வாய்ஸிங்கில்தான்

சைகை மொழிபெயர்ப்பாளர் என்றதும் டிவி செய்தியின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் நின்று கையசைப்பவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவர் பேச்சைக் கேட்டு சைகையாக்குகிறார். இந்த வேலைக்கு இன்னொரு பாதி உண்டு. காது கேளாதவர் சைகையில் சொல்வதைப் பார்த்து, அதைக் குரலில் தமிழாகச் சொல்வது. வாய்ஸிங் என்போம். படிக்க வரும் பிள்ளைகளுக்கும், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும் அலுவலகங்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஆளை வாய்ஸிங்கை வைத்து எடைபோடுங்கள்.

பேச்சைச் சைகையாக்கும்போது சைகை உளறலானால் எதிரே இருக்கும் காது கேளாதவருக்கு உடனே தெரிந்துவிடும். 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலா நினைவஞ்சலி மேடையில் நின்றவரின் கையசைப்பு எந்த மொழியுமே இல்லை என்பதைக் காது கேளாதோர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வாய்ஸிங்கில் தவறினால் யார் பிடிப்பது? குரலில் என்ன சொல்லப்பட்டது என்பது சைகை போட்டவருக்குக் கேட்காது. என்ன சைகை போடப்பட்டது என்பது கேட்டவர்களுக்குப் புரியாது. தமிழ் தடங்கலில்லாமல் வந்தால் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

ஒரு காவல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காது கேளாத ஒருவர் மூன்று சைகை போடுகிறார்: நான், பணம், எடுக்க. புருவம் உயர்ந்து தலை லேசாக முன்னால் வந்தால் அது "பணத்தை நான் எடுத்தேனா?" என்ற கேள்வி. கையை மட்டும் பார்க்கிறவர் "பணத்தை நான் எடுத்தேன்" என்று சொல்லிவிடுவார். இந்திய சைகை மொழியில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் காட்டுவது முகம். இலக்கணத்தில் பெரும்பங்கு முகத்திலும் தோளிலும்தான் இருக்கிறது.

அடுத்தது இடம். கதை சொல்கிறவர் அண்ணனை இடப்பக்கத்திலும் வீட்டு ஓனரை வலப்பக்கத்திலும் வைத்துவிடுவார். அப்புறம் பெயர் வராது, சுட்டுவது மட்டும்தான். கொடு, கேள், சொல் போன்ற வினைகள் அந்த இடங்களுக்கு நடுவே நகரும். கை இடமிருந்து வலம் போனால் அண்ணன் ஓனரிடம் கொடுத்தார். வலமிருந்து இடம் வந்தால் வாங்கினவர் அண்ணன். யார் எந்தப் பக்கம் என்பதை ஒரு நொடி தவறவிட்டால் கடன் கொடுத்தவர் கடன் வாங்கினவர் ஆகிவிடுவார். உடம்பைத் திருப்பி ஓனராகவே மாறி "உன்னை அடிப்பேன்" என்று காட்டினால், அது ஓனர் சொன்னது. அதைக் கதை சொல்கிறவரின் மிரட்டலாகக் குரல் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

தமிழில் வாய்ஸிங் செய்வதற்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. சுட்டுவிரலுக்கு அவன், அவள், அவர் என்ற பேதம் கிடையாது. தமிழ் வினைமுற்றோ பாலையும் மரியாதையையும் காலத்தையும் கேட்கும். மேலதிகாரியைச் சுட்டினதை "அவன் சொன்னான்" என்று குரல் கொடுத்தால், கேட்பவர்கள் படித்த, பண்பான ஒருவரை முரடராக எடுத்துக்கொள்வார்கள். காலம் பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு சைகையாக வரும், வினை மாறாது. அந்த முதல் சைகையைத் தவறவிட்டால் நடந்தது நடக்கப்போவதாகிவிடும். நல்லவேளை, தமிழில் வினை கடைசியில் வருகிறது. வாக்கியம் முடியும்வரை காத்திருந்து சொல்லலாம். ஆனால் எண்ணும் பெயரும் வந்தால் காத்திருக்கக் கூடாது, பார்த்ததும் சொல்லிவிட வேண்டும்.

பெயர் என்றதும் விரல் எழுத்து, அதாவது பெயரை எழுத்தெழுத்தாக விரலில் காட்டுவது. பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் போடுவார்கள், இரண்டு கையாலும். உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கையின் ஐந்து விரல் நுனிகள்: கட்டைவிரல் ஏ, ஆள்காட்டி ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சுண்டுவிரல் யூ. மணி (Mani), மனோ (Mano) இரண்டுக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு, அது நடுவிரலா மோதிரவிரலா என்பதுதான். வேகமாகப் போடும்போது விரலைப் பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம். சந்தேகம் வந்தால் நிறுத்தி, "திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சபையில் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஊகித்துச் சொல்வதுதான் துரோகம்.

படிப்பைப் பொறுத்தவரை, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்திலும், நம் பக்கம் கோவையில் ராமகிருஷ்ணா மிஷன் வளாகத்திலும் நடக்கிறது. முடித்ததும் கவுன்சிலில் பதிவெண் வாங்க வேண்டும். அந்த டெல்லி மையத்தின் அகராதி 2021-ல் 10,000 சொற்களை எட்டியது. நல்ல கருவி. ஆனால் அகராதி வீடியோவில் ஒவ்வொரு சைகையும் தனியாக, நிதானமாக, முழுசாக வரும். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் பேசும்போது ஒரு சைகையின் வால் அடுத்த சைகையின் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கிழமை, நிறம், எண் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும்.

அதனால் பயிற்சிக்குக் காது கேளாதவர் தன் சொந்தக் கதையைச் சொல்லும் வீடியோ ஒன்றை, மூன்று நிமிடத்துக்குள் இருப்பதாக, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வாயைத் திறக்காமல் பாருங்கள். இரண்டாம் தடவை குரல் கொடுத்து போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவைக் கேட்டு, நீங்கள் சொன்னதை அப்படியே காது கேளாத ஆசிரியரிடம் சைகையில் திருப்பிச் சொல்லுங்கள். எங்கே அவர் முகம் சுளிக்கிறதோ அங்கேதான் பிழை. வேகத்தைக் குறைத்துப் பார்க்காதீர்கள், நேரில் யாரும் அந்த வேகத்தில் பேச மாட்டார்கள். பள்ளிக்கே போகாதவர், வீட்டாரோடு பழகின வீட்டுச் சைகை மட்டும் தெரிந்தவர் என்றால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல், அதை உங்களுக்குப் புரியும் சைகை மொழிக்கு மாற்றித் தரும் காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விழா நடத்துகிறவர்கள் கவனிக்க: காது கேளாதவர் மேடையில் பேசும்போது மொழிபெயர்ப்பாளரை அவர் பக்கத்தில் நிறுத்தினால் பக்கவாட்டு முகம்தான் தெரியும், புருவம் தெரியாது. முதல் வரிசையில் அவருக்கு நேர் எதிரே உட்காரவைத்து மைக் கொடுங்கள். பேசுபவருக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், முகம் இருட்டிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு பேர் தேவை, 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். சும்மா இருப்பதாகத் தெரிகிறவர்தான் தவறின எண்ணையும் பெயரையும் காதில் எடுத்துக் கொடுப்பவர். அவர் கூலியை வெட்டாதீர்கள்.

நீதிமன்றச் சாட்சியத்துக்குச் சட்டமே ஒரு காவல் வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படி, பேச முடியாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியர் உதவியோடு பதிவு செய்யும்போது வீடியோ எடுக்க வேண்டும். வாய்ஸிங்கைப் பின்னால் சரிபார்க்க இருக்கும் ஒரே வழி அந்த வீடியோதான். கேமரா சாட்சியின் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை, இரண்டு முழங்கையும் அடங்க, நேர் எதிரிலிருந்து பிடிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் கைக்கு இன்னொரு கேமரா வேண்டும், ஏனென்றால் கேள்வியே தப்பாகப் போயிருக்கலாம். இரண்டிலும் குரல் தெளிவாகப் பதிவாக வேண்டும். மைக் ஓடுகிறதா என்று முதல் கேள்விக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.